சட்டம் போட்ட கண்ணாடி

எங்கள் வீட்டு அலமாரியின் வலக்கதவில் சென்ற மாதம் ஒரு கண்ணாடி பொருத்தினோம். 14 அங்குல அகலம், 36 அங்குல உயரம், சுற்றிலும் தேக்குச் சட்டம். சீத்தா கேம்பில் இத்தகைய கண்ணாடி இல்லாத வீடு இன்று அரிது. எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர 49 ஆண்டுகள் ஆயின. தொடக்கத்தில் சில ஆண்டுகள் பணமில்லாமை காரணமாக இருந்திருக்கலாம். அதன்பின் ஆச்சியின் விதி ஒன்றே காரணம்: இந்த வீட்டுக்குள் கண்ணாடிச் சாமான் வரக்கூடாது.

விதி கண்டிப்பாகவே நடைமுறையில் இருந்தது. தண்ணீர் குடிக்க எவர்சில்வர் தம்ளர், ஊறுகாய்க்குப் பிளாஸ்டிக் டப்பா. சாமி படங்கள்கூடக் கண்ணாடி இல்லாமல் பிளாஸ்டிக் தாள் ஒட்டியவை. குண்டு பல்பு, ஆச்சியின் மூக்குக்கண்ணாடி, சமையல் மூலையில் ஆணியில் தொங்கிய ஆறங்குல முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிய மூன்று மட்டும் விலக்குப் பெற்றவை. மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்பது ஆச்சியின் வாதம். 'கிளம்புதல்' என்ற சொல் எங்கள் வீட்டில் எவ்வளவு இயல்பாகப் புழங்கியது என்பதை, விடுதியில் தங்கிப் படிக்கப் போன பிறகே கவனித்தேன்.

தமிழ்நாட்டு நண்பர்களுக்காக இடத்தைப் பற்றிச் சில வரிகள். சீத்தா கேம்ப் மும்பையின் கிழக்கோரத்தில், டிராம்பேயில், தானே கழிமுகத்தை ஒட்டி இருக்கிறது. ஹார்பர் தடத்தில் மான்குர்து நிலையத்தில் இறங்கி வரவேண்டும். (ஊரிலிருந்து வரும் உறவினர்கள் முகவரியைப் படித்துவிட்டு, சீதை இங்கே இருந்தால் இராமன் எங்கே என்று கேலி செய்வதுண்டு. இது சிறுத்தையின வேட்டை விலங்கைக் குறிக்கும் இந்திச் சொல். தமிழ்ச் சகரம் இரண்டு ஒலிகளுக்கு இடம் தருவதால் வந்த வினை.) இங்குள்ள பழைய குடும்பங்கள் பலவும் தாமாக வந்து குடியேறியவை அல்ல. மான்குர்துப் பகுதியில், இன்றைய அணுசக்தி நகருக்கு அருகே, ஜனதா காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. நகரின் வேறு இடங்களிலிருந்து அகற்றிய மக்களை நகராட்சியே கொண்டுவந்து அமர்த்திய இடம் அது. பின்னர் அந்நிலம் அணுசக்தித் துறைக்கு வேண்டியிருந்தது. ஏறத்தாழ 70,000 பேர் வாழ்ந்த அந்தக் குடியிருப்பு, நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே 17 அன்று இடித்து அகற்றப்பட்டது. மக்கள் சில கிலோமீட்டர் தள்ளியிருந்த சதுப்பு நிலத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். அதுதான் சீத்தா கேம்ப்.

அந்த வெளியேற்றத்தை எதிர்த்து நீண்ட காலம் போராடியவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். பின்னாளில் தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பையும் பன்னாட்டு அமைப்பையும் கட்டியெழுப்பி, 2000இல் மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீயும் பெற்றவர், 2018இல் மறைந்தார். ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயரைக் காணும் மாணவர்கள் பலருக்கு, இளவயதில் அவர் தச்சுவேலை பார்த்தவர் என்பது தெரிந்திருக்காது. எங்கள் தாத்தாவும் தச்சர். தொழிலால் இருவரும் ஒரே இனம் என்று சொல்லிக்கொள்வதில் தாத்தாவுக்கு ஒரு பெருமை உண்டு.

ஜனதா காலனியில் இருந்தபோது தாத்தா ஒரு கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி செய்திருந்தாராம். திருமணத்துக்குப் பின் ஆச்சிக்கு அவர் செய்துகொடுத்த முதல் பொருள். மே மாதத்து அந்த நாளில் லாரியில் ஏற்றிய சாமான்களுக்கு இடையே அது வந்து சேர்ந்தபோது கண்ணாடி ஒரு சாக்கில் தனியாக இருந்தது. ஆச்சி அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்வதில்லை. எங்கள் அப்பாவுக்கு அப்போது நான்கு வயது. அவர் காலில் ஒரு தழும்பு இருக்கிறது.

இப்போதுள்ள அலமாரியைத் தாத்தா அந்த மழைக்காலம் முடிந்தபின் செய்தார். முன்பக்கமும் கதவுகளும் இடிந்த வீட்டின் கதவிலிருந்து எடுத்த தேக்குப் பலகை. பக்கவாட்டும் பின்புறமும் துறைமுகத்துப் பெட்டிகளைப் பிரித்த வெளிர் மரம். ஐந்தரை அடி உயரம், மூன்றடி அகலம், இரண்டு கதவுகள், உள்ளே நான்கு தட்டுகள், மேலே ஓர் இழுப்பறை. பார்ப்பதற்குச் சாதாரணமாகவே இருக்கும். உட்காரும் உயரத்திலிருந்து பார்த்தால்தான் அதன் வித்தை புலப்படும். தட்டுகளின் முனைகளை நாக்குப்போலச் செதுக்கி, பக்கப் பலகையின் துளைவழியே வெளியே நீட்டி, நீண்ட நாக்கில் ஒரு மர ஆப்பைச் செருகியிருக்கிறார். பசையும் ஆணியும் இல்லை. ஆப்புகளைக் கொட்டாப்புளியால் கீழிருந்து தட்டினால் அலமாரி முழுவதும் பிரிந்து பலகைகளாகிவிடும். இரண்டு பேர், அரைமணி நேரம், ஒரு கைவண்டி. தாத்தா அதை அப்படித்தான் கணக்கிட்டிருந்தார். ஒருமுறைகூட அது பிரிக்கப்படவில்லை.

ஐரோப்பியத் தச்சு மரபிலும் இத்தகைய ஆப்பு இணைப்பு உண்டு. பயணத்துக்கான மேசைகளிலும் கட்டில்களிலும் அதைக் காணலாம். ஆனால் அங்கெல்லாம் அது ஊர் சுற்றுவோரின் வசதி. அலமாரியோ ஓரிடத்தில் நிற்பதற்கென்றே பிறந்த பொருள். தனித்தமிழில் அதற்கு 'நிலைப்பேழை' என்று பெயர். புழக்கத்திலுள்ள 'அலமாரி' போர்த்துக்கீசியரின் 'அர்மாரியோ'விலிருந்து வந்தது. பம்பாய்த் தீவை 1661ஆம் ஆண்டுத் திருமண உடன்படிக்கையில் சீதனமாக ஆங்கிலேய மன்னருக்குக் கொடுத்த அதே போர்த்துக்கீசியர். சாவியும் சன்னலும் மேசையும் அவர்கள் விட்டுப்போனவைதாம். வீட்டில் அசையாமல் இருக்கும் பொருள்களுக்கெல்லாம் கடலோடிகளின் சொற்களை வைத்திருக்கிறோம்.

இனிக் கண்ணாடிக்கு வருகிறேன். தங்கை சென்ற ஆண்டு விமான நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சீருடை தலை முதல் கால் வரை சரியாக இருக்கவேண்டும். வாசலில் நிறுத்திப் பார்ப்பார்களாம். எங்கள் வீடு பத்தடிக்குப் பதினைந்தடி. ஆறங்குலக் கண்ணாடியில் முகத்தையே இரண்டு தவணையாகத்தான் பார்க்கமுடியும். அம்மாவின் தலைமுறையில் இது ஒரு குறையாகவே தோன்றியதில்லை. கொசுவம் சரியாக விழுந்திருக்கிறதா என்பதைப் பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். அவருக்கு அம்மா சொல்வார். சந்தின் பெண்கள் ஒருவருக்கொருவர் கண்ணாடியாக இருந்தனர். அதிகாலை நான்கரை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிற தங்கைக்கு அந்த ஏற்பாடு உதவவில்லை. அவள் கைபேசியைப் பருப்பு டப்பாவின்மேல் சாய்த்துவைத்து, நேரம் குறித்துவிட்டு, கதவோரம் போய் நின்று, தன்னையே படமெடுத்து, பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அழித்துவிடுவாள். ஒருநாள் ஆச்சி விழித்துக்கொண்டார்.

"யாருக்குட்டி அனுப்புத?"

"யாருக்கும் இல்ல ஆச்சி. நான் பாக்கத்தான்."

ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, தாத்தாவிடம் தொழில் கற்ற மாமாவுக்கு ஆளனுப்பினார். அப்பா தயங்கினார். இந்தப் பகுதியில் மறுகட்டுமானத் திட்டம் வரப்போகிறது என்ற பேச்சு அவ்வப்போது எழும். இப்போது அந்தத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 300 சதுர அடி. கட்டடம் வந்தபின் பார்த்துக்கொள்ளலாமே, பழைய அலமாரிக்கு எதற்குச் செலவு என்றார். அப்பா சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயத்தை 49 ஆண்டுகள் காப்பாற்றியவர் ஆச்சி; அதைக் கைவிடும் உரிமையும் அவருக்கே உண்டு என்று நான் நினைத்தேன்.

எவ்வளவு பெரிய கண்ணாடி வேண்டும் என்பதில் வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. முழு உருவம் தெரிய ஆள் உயரக் கண்ணாடி வேண்டும் என்று அம்மா. அவ்வளவு பெரிதானால் பின்னால் தள்ளி நிற்க இடம் ஏது என்று அப்பா. பள்ளி இயற்பியல் இங்கே கைகொடுத்தது. சமதளக் கண்ணாடியில் ஒருவர் தம் முழு உருவத்தையும் காண, அவருடைய உயரத்தில் பாதி அளவுள்ள கண்ணாடி போதும். எவ்வளவு அருகில் நின்றாலும், எவ்வளவு விலகி நின்றாலும் இந்தப் பாதி மாறுவதில்லை. பத்தடி அறைக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. இடம் மட்டும் சரியாக இருக்கவேண்டும்: கீழ்விளிம்பு, கண்ணின் உயரத்தில் பாதி, மேல்விளிம்பு, கண்ணுக்கும் உச்சிக்கும் நடுவே. தங்கை 64 அங்குலம், கண் 60இல்: அவளுக்கு 30 முதல் 62 வரை. ஆச்சி 56 அங்குலம், கண் 52இல்: அவருக்கு 26 முதல் 54 வரை. இருவருக்கும் பொதுவாக வேண்டியது தரையிலிருந்து 26 முதல் 62 வரை, சரியாக மூன்றடி. தாளில் போட்டுக் காட்டியபோது மாமா, "இதுக்குப் பேனா எதுக்கு பாப்பா, ஆளை நிறுத்திக் கயித்தைப் பிடிச்சாப் போதுமே" என்றார். அவர் கயிறு பிடித்து வந்த அளவும் அதுவே.

'நிலைக்கண்ணாடி' என்ற சொல்லை இந்த விவாதத்தின்போதுதான் உற்றுக் கவனித்தேன். கையில் எடுத்துச் செல்வது கைக்கண்ணாடி; நிற்பது நிலைக்கண்ணாடி. வாசற்கதவைத் தாங்கும் சட்டத்துக்கும் தமிழில் நிலை என்றே பெயர். ஆச்சியின் விதிக்குத் தெளிவான சொல்லிலக்கணம் இருந்திருக்கிறது. கைக்கண்ணாடிக்கு அனுமதி உண்டு, நிலைக்கண்ணாடிக்கு இல்லை.

'கண்ணாடி' என்ற சொல்லின் வரலாறும் சுவையானது. ஆங்கிலத்தில் பொருளின் பெயர் முதலில் வந்து, பின் அதனால் செய்த கருவிக்குச் சென்றது. தமிழில் பயணம் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. பழந்தமிழில் ஆடி என்பது முகம் பார்க்கும் கருவி. குறுந்தொகையின் எட்டாம் பாடலில் ஆடியில் தோன்றும் பாவை ஓர் உவமையாக வருவதைத் தமிழ் மாணவர்கள் அறிவர். அந்த ஆடி தேய்த்து மெருகேற்றிய உலோகம். சன்னலில் பொருத்தும் ஒளிபுகும் பொருள் பரவலானபோது கருவியின் பெயரான கண்ணாடியையே அதற்கும் வைத்தோம். பிறகு மூக்கின்மேல் அணிவதற்கும். மலையாளத்தில் ஆறன்முளைக் கண்ணாடி பழைய பொருளை இன்றும் காத்துவருகிறது. அதில் இருப்பது செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம் மட்டுமே, பெயரோ கண்ணாடி.

மாமா கொண்டுவந்தது நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி. வாங்கும்போது 'ரசம்' நன்றாக இருக்கிறதா என்று பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். ரசம் என்றால் பாதரசம். வெள்ளீயத் தகட்டின்மேல் பாதரசத்தைப் பரப்பிக் கண்ணாடியோடு ஒட்டவைக்கும் முறையை வெனிசின் முரானோத் தீவுக் கைவினைஞர்கள் பதினாறாம் நூற்றாண்டில் புகழ்பெறச் செய்தனர். பாதரச ஆவி அத்தொழிலாளர்களின் நரம்புகளையும் உயிரையும் குடித்தது. செருமானிய வேதியியலாளர் லீபிக் 1835இல் வெள்ளி உப்பிலிருந்து கண்ணாடிமேல் வெள்ளியைப் படியச் செய்யலாம் எனக் கண்டறிந்தார். அதன் வழிவந்த முறைகள் பரவியபின் பாதரசம் தொழிலிலிருந்து மெல்ல விலகியது. தமிழில் மட்டும் அது தங்கிவிட்டது. இன்றைய கண்ணாடியின் பின்புறம் வெள்ளியும் அதைக் காக்கும் பூச்சுகளுமே. நாம் இன்னும் ரசம் போன கண்ணாடி என்கிறோம். மாமாவின் பையிலிருந்த ரசமட்டத்திலும் ஒரு துளி ரசம் இல்லை.

என் முனைவர் பட்ட ஆய்வு மும்பைத் தமிழின் வினையமைப்பு பற்றியது. தச்சுச் சொற்கள் அதன் எல்லைக்குள் வருவதில்லை. இருந்தும் அன்று குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். மாமாவுடன் வந்த உதவியாள் உத்தரப் பிரதேசத்து இளைஞர். இருவரும் பத்தாண்டுகளாகச் சேர்ந்து வேலை செய்கின்றனர். மாமா 'இழைப்புளி' என்பார். இளைஞர் 'ரந்தா' எடுத்துக் கொடுப்பார். இவர் 'மூலைமட்டம்' என்பார்; அவர் 'குனியா' என்பார். ஒருவர் சொல்லை மற்றவர் திருத்துவதும் இல்லை, தம் சொல்லை விடுவதும் இல்லை. இளைய தமிழ்த் தச்சர்கள் பெரும்பாலும் ரந்தா, குனியா என்றே சொல்கின்றனர். இழைப்புளி மாமாவோடு சீத்தா கேம்பிலிருந்து போய்விடலாம்.

அளவுச் சொல் ஒன்றில்தான் நான் எழுதுவதை நிறுத்திவிட்டு யோசித்தேன். தமிழ்த் தச்சருக்கு ஓர் அங்குலத்தில் எட்டு 'நூல்'. உதவியாளருக்கு ஓர் அங்குலத்தில் எட்டு 'சூத்'. இந்திச் சூத்தும் நூல்தான், பருத்தி நூல். ஒரே உருவகம் இரண்டு மொழிக் குடும்பங்களில் ஒரே அளவைக் குறிக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று மொழிபெயர்க்கப்பட்டதா, தச்சர்கள் மையில் நனைத்த நூலால் கோடு போடும் வழக்கத்திலிருந்து இரண்டும் தனித்தனியே பிறந்தனவா என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்துக்கான மரத்தை மாமா மண்டாலாவின் பங்கார் கடையில் வாங்கியிருந்தார். இடித்த கட்டடம் ஒன்றின் சன்னல் தேக்கு. வாசனை பிடித்து, நகத்தால் கீறி, எடை பார்த்து வாங்கியது. ஆணிகளைப் பிடுங்கி இழைத்தபோது மேலிருந்த நான்கைந்து வண்ணப் பூச்சுகள் சுருள் சுருளாக விழுந்தன. பச்சை, பழுப்பு, மறுபடி பச்சை. பழைய மரம் ஏற்கெனவே முற்றிலும் காய்ந்தது. மும்பை மழையில் அது புது மரம்போல் உப்பி முறுக்கிக்கொள்ளாது. நான்கு மூலைகளையும் 45 பாகையில் அறுத்துச் சேர்த்தார். உட்புற ஓரத்தில் கண்ணாடி உட்காரக் 'காடி' எடுத்தார். (காடிக்குத் தமிழில் புளித்த நீர் என்றும் பொருள் உண்டு. உதவியாளர் சிலிகான் பசைக் குழாயைத் திறந்தபோது அறை முழுவதும் அந்தப் புளித்த வாடை அடித்தது. மாமா உடனே மூடச் சொன்னார். அந்த வாடை அசிட்டிக் அமிலத்தினுடையது. அந்தவகைப் பசை கண்ணாடியின் பின்பூச்சை அரித்து, சில ஆண்டுகளில் கறுப்புத் திட்டுகளை உண்டாக்கிவிடும். கண்ணாடிக்கு அமிலம் வெளியிடாத பசையே ஆகும். காடியில் உட்காரும் கண்ணாடிக்கு எந்தப் பசையும் தேவையில்லை என்று சொல்லி மாமா இரண்டையும் ஒதுக்கிவிட்டார்.)

காடியின் அளவு கண்ணாடியின் அளவைவிடப் பக்கத்துக்கு அரை நூல் கூடுதலாக இருந்தது. இறுக்கமாக இருக்கவேண்டாமா என்று தங்கை கேட்டாள். மரம் மழையில் விரியும், வெயிலில் சுருங்கும். கண்ணாடி இரண்டையும் செய்யாது. இறுக்கிப் பிடித்தால் ஏதேனும் ஒரு மே மாதத்தில் தானாக விரிசல் விடும். எனவே அடியில் இரண்டு சிறு தக்கைத் துண்டுகளை வைத்து அவற்றின்மேல் கண்ணாடியை நிறுத்தினார். கழிமுகத்தின் உப்புக்காற்றில் ஈரம் வடிந்து அடிவிளிம்பில் தங்கினால் அங்கிருந்துதான் ரசம் போகத் தொடங்கும். தக்கை அதையும் தடுக்கும். விளிம்பு முழுவதும் வார்னிஷ் தொட்டுப் பூசினார். பின்புறம் மெல்லிய பலகை, அதன்மேல் குறும்பட்டிகள். கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே காற்றுப்போக ஓர் இடைவெளி.

எடை அடுத்த கவலை. இந்த அளவுக் கண்ணாடி மட்டும் மூன்றே கால் கிலோ வரும். சட்டமும் பின்பலகையும் சேர்ந்தால் ஐந்தைத் தொடும். அரை நூற்றாண்டாக இரண்டு கீல்களில் தொங்கும் கதவு திடீரென அதைத் தாங்காது. மூக்குப்பக்கம் தொங்கி, அடியில் உரசத் தொடங்கிவிடும். மாமா நடுவே மூன்றாவது கீல் ஒன்றைச் சேர்க்க முடிவுசெய்தார். "ஏக் கப்ஜா ஔர் தே" என்று உதவியாளரிடம் கை நீட்டினார். நான் எழுதிக்கொண்டே வந்த கை அங்கே நின்றது.

கப்ஜா என்றால் இந்தியில் கீல். அதே சொல்லுக்குக் கைப்பற்று, உடைமை, ஆக்கிரமிப்பு என்றும் பொருள். அரபியில் இறுகப் பிடித்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. கதவைப் பிடிப்பதும் கப்ஜா, நிலத்தைப் பிடிப்பதும் கப்ஜா. (தமிழ்நாட்டில் 'கப்சா' என்றால் கட்டுக்கதை. அது வேறு கதை.) மும்பையின் குடிசைப் பகுதியில் வளரும் குழந்தை இச்சொல்லைக் கீலுக்கு முன்பே இரண்டாம் பொருளில் கேட்டுவிடும். செய்தித்தாளில், தேர்தல் மேடையில், அண்டை வீட்டோடு நடக்கும் ஓரடிச் சண்டையில்.

மாமா கையில் இருந்ததோ சட்டம். படத்தைச் சுற்றி இருப்பதும் தமிழில் சட்டம், சட்டசபையில் இயற்றுவதும் சட்டம். எச்சரிக்கையோடுதான் இதைச் சொல்லவேண்டும். கப்ஜாவின் இரு பொருள்களும் ஒரே வேரின் கிளைகள் என்பதில் ஐயமில்லை. சட்டத்தின் இரண்டையும் அப்படி ஒன்றாக்குவதற்கு முன் பழைய ஆட்சிகள் அனைத்தையும் வரிசைப்படுத்திப் பார்க்கவேண்டும். ஒலி ஒன்றாய் இருப்பதைக் கண்டவுடன் பொருளும் ஒன்றே என்று நெகிழ்ந்துபோவது எங்கள் துறையில் முதலாண்டு மாணவருக்கே மறுக்கப்படும் இன்பம். ஆயினும் பேசுவோருக்கு வேர்ச்சொல் அகராதி தேவையில்லை. கப்ஜாவையும் சட்டத்தையும் அலமாரிக் கதவில் ஒன்றாகப் பொருத்திக்கொண்டிருந்தவர்கள், வெளியே அவ்விரண்டுக்கும் நடுவே தம் வாழ்நாளைக் கழித்தவர்கள்.

அந்த அலமாரியின் மேல் இழுப்பறையில் எங்கள் போட்டோ பாஸ் இருக்கிறது. 1976 சனவரியில் மாநில அரசு பம்பாயின் குடிசைப் பகுதிகளைக் கணக்கெடுத்து, குடும்பத்தின் நிழற்படம் ஒட்டிய அடையாள அட்டைகளை வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு மே மாதத்தில்தான் ஜனதா காலனி அகற்றப்பட்டது. பின்னர் தேதிகள் மாறிக்கொண்டே வந்தன. 1995 சனவரி 1க்கு முன் இருந்தோருக்குப் பாதுகாப்பு என்றார்கள். பிறகு அது 2000 சனவரி 1 ஆயிற்று. நாங்கள் எந்தத் தேதிக்கும் முந்தியவர்கள். இருந்தும் மின்கட்டண இரசீது, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியலின் நகல் என ஒரு தாளும் வெளியே எறியப்பட்டதில்லை. தட்டுகளில் துணி இருக்கிறது. இழுப்பறையில் நாங்கள் இங்கே இருந்தோம் என்பதற்கான சான்று இருக்கிறது. வெள்ளம் புகுந்த 2005 சூலையில் ஆச்சி முதலில் தூக்கியது அந்த இழுப்பறையைத்தான். போட்டோ பாஸில் தாத்தா, ஆச்சி, அப்பா மூவரும் இருக்கின்றனர். ஆச்சியிடம் இளவயதில் எடுத்த வேறு படம் கிடையாது. தன் முழு உருவம் அன்று எப்படி இருந்தது என்பது அவருக்கும் தெரியாது, அட்டையில் மார்புவரைதான்.

கதவில் சட்டத்தை ஏற்றும் நேரம் வந்தபோது மாமா சற்றுத் தயங்கினார். தம் ஆசானின் அலமாரி எதற்காக அப்படிச் செய்யப்பட்டது என்பது அவருக்குத் தெரியும். பையிலிருந்து நான்கு பித்தளைக் கொக்கிகளை எடுத்துக் காட்டினார்.

"அத்தை, கொக்கி வச்சு மாட்டிருதேன். நாளைக்குக் கழத்தணும்னா கழத்திக்கிடலாம்."

நல்ல யோசனைதான். பிரிக்கக்கூடிய அலமாரியில் பிரிக்கக்கூடிய கண்ணாடி. தாத்தா இருந்திருந்தால் அதையே சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அப்பாவும் தலையசைத்தார்.

ஆச்சி கட்டிலில் இருந்தபடியே, "கழத்தி எங்கலே கொண்டு போகப் போறோம்? திருகாணிய முடுக்கு" என்றார்.

எட்டுத் திருகாணிகள். தேக்கில் முன்கூட்டியே துளையிட்டு, நுனியில் சோப்புத் தொட்டு, கையாலேயே முடுக்கினார். இயந்திரத்தால் முடுக்கினால் பழைய பலகை பிளந்துவிடும் என்று சொன்னார். கதவு உரசாமல் மூடியது. தங்கை முதலில் நின்று பார்த்தாள், பிறகு அம்மா. ஆச்சி அன்று எழுந்து வரவில்லை. எப்போது பார்த்தார் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. மறுநாள் காலை கண்ணாடியில், தரையிலிருந்து நான்கடி உயரத்தில், விபூதி பட்ட விரலின் தடம் ஒன்று இருந்தது. அம்மா அதைத் துடைக்கவில்லை.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்த் தச்சர்கள் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை என்னவென்று சொல்கிறார்கள்? கண்ணாடி உட்காரும் பள்ளத்துக்குக் காடி என்பது எல்லா மாவட்டங்களிலும் வழங்குகிறதா? யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் கீலுக்கு என்ன சொல்? வயதான தச்சர்கள் யாரேனும் பக்கத்தில் இருந்தால் கேட்டு, ஊர்ப்பெயரோடு எழுதி அனுப்புங்கள். மாமாவுக்கும் தெரிந்துகொள்ள ஆவல்.